ஐந்தாவது பாயிண்ட்

எனக்கு வாய் நீளம். இதை நானே ஒத்துக்கொள்கிறேன். ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பெங்களூர் பொம்மனஹள்ளியில் எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். பஸ்ஸை நிறுத்தம் தாண்டி நிறுத்தினால் டிரைவரோடு சண்டை. தண்ணீர் லாரி வரும் நாளில் யாராவது குடத்தை வரிசைக்கு நடுவில் நுழைத்தால் அவர்களோடு சண்டை. இப்படிப்பட்ட என்னை, நாலு மணி நேரம் வாயைத் திறக்கவே கூடாத ஒரு வேலைக்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அம்மா ஒப்புக்கொடுத்துவிட்டு வந்தாள்.

அப்போது எனக்குப் பதினேழு வயது. அரசு கல்லூரியில் ஃபர்ஸ்ட் பி.யூ.சி. எழுதி முடித்திருந்தேன். தமிழ்நாட்டில் ப்ளஸ் ஒன் என்பார்களே, அதுதான். விடுமுறை. காலை ஒன்பது மணிவரை தூங்குவது, பிறகு போனைப் பார்ப்பது, பிறகு மறுபடி தூங்குவது என்று நான் பெரிய திட்டமெல்லாம் போட்டு வைத்திருந்தேன். அம்மா கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள். பக்கத்து மெஷின்காரம்மாவின் மகள் செகண்ட் பி.யூ.சி. பரீட்சை திரும்ப எழுதுகிறாளாம். அவளுக்குக் கண் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல எழுத ஆள் வேண்டும். நீ எழுதுவாய் என்று சொல்லிவிட்டேன்.

நான் குதித்தேன். ஊரில் வேறு ஆளே இல்லையா என்றேன். இருக்கிறார்கள், ஆனால் விதி இருக்கிறது என்றாள் அம்மா. எழுதுகிறவர் பரீட்சை எழுதும் மாணவியைவிட ஒரு வகுப்பாவது குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும். அந்தப் பாடத்தை எடுத்துப் படிக்காதவராக இருக்க வேண்டும். கன்னடம் நன்றாக எழுதத் தெரிய வேண்டும். நான் சயின்ஸ். பரீட்சையோ சரித்திரம். ஒன்றாம் வகுப்பிலிருந்து கன்னட மீடியம். அளவெடுத்துத் தைத்த மாதிரி எல்லாம் எனக்குப் பொருந்தியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்றேன். அம்மா சரி என்று என் தட்டை எடுத்து வைத்துவிட்டாள். பத்து நிமிஷத்தில் நானே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டேன்.

மறுநாள் மூன்று சந்து தள்ளி இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவள் என்பதால் முதல் நாளிலிருந்தே அக்கா என்றுதான் கூப்பிட்டேன். பரிதாபமாக ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துப் போனவள் நான். அக்கா ஸ்டூல்மேல் ஏறி நின்று கேஸ் அடுப்புக்கு மேலே இருந்த பரணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இறங்கி வந்து, கையைத் துடைத்து, ஒரு காகிதக் கட்டை என் மடியில் வைத்து, "படி" என்றாள்.

அது அவளுடைய மார்ச் மாத விடைத்தாளின் நகல். ரிசல்ட் வந்த பிறகு விண்ணப்பம் போட்டால் திருத்திய தாளை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். மற்ற எல்லாப் பாடத்திலும் பாஸ் ஆகி, சரித்திரத்தில் மட்டும் ஏழு மார்க்கில் போயிருந்தாள். நன்றாகத்தானே சொன்னோம், எப்படிப் போனது என்று தெரியாமல் வாங்கிப் பார்த்திருக்கிறாள். நான் முதல் விடையைப் படித்தேன். கன்னடத்தில் இரண்டு வரி. அடுத்தது மூன்று வரி. பத்து மார்க் கேள்விக்குக்கூட அரைப் பக்கம் இல்லை. ஒவ்வொன்றையும் நான் முடித்ததும் அக்கா அந்தக் கேள்விக்குத் தான் சொன்ன விடையை முழுசாகச் சொல்லிக் காட்டினாள். ஒன்றரைப் பக்கம் வருகிற விடை. தாளில் இருந்தது அதன் எலும்புகூட இல்லை.

அந்தத் தடவை எழுதிய பெண்ணுக்குக் கை வலித்திருக்கிறது. நீளமாகச் சொல்வதைச் சுருக்கிச் சுருக்கிப் போட்டிருக்கிறாள். திருப்பி வாசி என்று கேட்டபோது, அக்கா சொன்னதை ஞாபகத்திலிருந்து அப்படியே ஒப்பித்திருக்கிறாள். காகிதத்தில் இருப்பது வேறு, காதில் விழுந்தது வேறு. மறுமதிப்பீட்டுக்குப் போட்டாலும் பிரயோஜனமில்லை. தாளில் இருப்பதைத்தானே திருத்துவார்கள், வாயில் சொன்னதை யார் திருத்துவது?

எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்தப் பெண் யார், எந்தத் தெரு, இப்பவே போய்ப் பிடி பிடி என்று பிடிக்கிறேன் என்று எழுந்தேவிட்டேன். அக்கா என் சுடிதாரின் நுனியைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அவ நல்ல பொண்ணுதான். எனக்குக் கெட்டது பண்ணணும்னு பண்ணல. ஆனா அது என் பேப்பர் இல்ல. என் நம்பர் போட்ட வேற யாரோட பேப்பரோ. அதுதான் எனக்குத் தாங்கல."

நான் அந்தக் காகிதக் கட்டை மறுபடி முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன்.

அவளுக்கு வேண்டியது பி.ஏ. சீட். அதற்குப் பிறகு பி.எட். தான் படித்த பார்வையற்றோர் பள்ளியிலேயே சரித்திர டீச்சராகப் போக வேண்டும் என்பது எட்டாம் வகுப்பிலிருந்து அவளுடைய எண்ணம். அண்ணன்காரர் அத்திபெலேயில் ஒரு குடோன் ஆபீசில் போன் எடுக்கிற வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். ஜூனில் சேரச் சொல்லியிருந்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. இந்தத் தடவையும் போனால் படிப்பை விட்டுவிடலாம், எத்தனை நாளைக்கு இப்படி என்று நியாயமாகத்தான் கேட்டார். இந்த ஒரு தடவைக்கு அக்காவின் அம்மா அவரிடம் மல்லுக்கட்டி அனுமதி வாங்கி வைத்திருந்தார். ஆக, இந்த வருஷத்து இரண்டாவது பரீட்சை, அதில் ஒரே ஒரு பேப்பர், அதை எழுதப் போவது என் கை. இதெல்லாம் தெரிந்த பிறகு தூக்கமும் போனும் எனக்கே கொஞ்சம் அசிங்கமாகப் பட்டன.

மூன்று வாரம் தினமும் போனேன். அக்கா பாடங்களைப் போனையே சத்தமாக வாசிக்க வைத்துக் கேட்பாள். அந்தப் போன் பேசுகிற வேகத்தில் எனக்கு ஒரு எழுத்தும் பிடிபடாது. அவளோ கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே கேட்டு, நிறுத்தி, கன்னடத்தில் விடை சொல்ல ஆரம்பிப்பாள். நான் எழுதுவேன். பிறகு திருப்பி வாசிப்பேன். ஒரு 'மத்து' விட்டுப் போனாலும் பிடித்துவிடுவாள். முதல் வாரம் எனக்கு எரிச்சலாக வந்தது. நம்மூர் 'மற்றும்'தானே, போனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்டேன். நான் சொன்னதை நீ எழுது, அவ்வளவுதான் உன் வேலை என்றாள். மூக்கறுபட்ட மாதிரி இருந்தது. ஆனால் போகப் போக எனக்கே அதில் ஒரு ரோஷம் வந்துவிட்டது. ஒரு பக்கம் முழுக்க ஒரு சொல்கூட விடாமல் எழுதிவிட்டு, வாசித்து முடித்து, அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அன்றைக்கு எனக்குத் திருவிழாதான்.

ஒரு நாள் பழைய கேள்வித்தாளை வைத்துப் பழகும்போது வரைபடக் கேள்வி வந்தது. நான் பாட்டுக்கு, அக்கா இங்கே இந்தியா மேப் இருக்கு, இதில் இடங்களைக் குறிக்க வேண்டுமாம் என்று ஆரம்பித்துவிட்டேன். ஐயோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். கீழே பார், எங்களுக்கு என்று தனியாக ஒரு கேள்வி போட்டிருப்பார்கள், அதைப் படி என்றாள். ஆமாம், இருந்தது. பார்வையற்ற மாணவர்களுக்கு மட்டும் என்று தலைப்புப் போட்டு. இப்படி யோசித்துப் போட்ட ஆள் ஒருவர் பரீட்சை போர்டு ஆபீசில் இருக்கிறாரே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சிந்து சமவெளி நகரங்கள் பாடம் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. அதற்கு ஐந்து பாயிண்ட். நேர்நேராகப் போகிற தெருக்கள், சுட்ட செங்கல் வீடுகள், மூடிய சாக்கடை, பெரிய குளியல் குளம், தானியக் களஞ்சியம். மூடிய சாக்கடை வரும்போதெல்லாம் நான் எழுதுவதை நிறுத்திவிடுவேன். அத்தனை ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே மூடி போட்டார்களாம், எங்கள் சந்தில் ஒரு மழைக்கு வாசலில் மிதக்கிறதே, அந்தக் காலத்து கார்ப்பரேட்டரை, அதான் கவுன்சிலரை, இங்கே அனுப்பச் சொல்லுக்கா என்பேன். பரீட்சையில் இப்படிப் பேசினால் இரண்டு பேரையும் வெளியே தள்ளிவிடுவார்கள் என்பாள் அக்கா.

அவள் சொன்னது விளையாட்டு இல்லை. மருத்துவச் சான்றிதழ், கல்லூரிக் கடிதம், என் போட்டோமேல் பிரின்சிபால் முத்திரை என்று எல்லாம் கொடுத்து அனுமதி வாங்கியபோது கூடவே ஒரு விதித் தாளும் கொடுத்தார்கள். எழுதுபவர் கேள்வியை வாசிக்கலாம். மாணவி சொல்வதை எழுதலாம். கேட்டால் திருப்பி வாசிக்கலாம். விளக்கக் கூடாது, ஞாபகப்படுத்தக் கூடாது, கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. மீறினால் பரீட்சையே ரத்து. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இதில் பாதி உனக்காகவே எழுதின மாதிரி இருக்கிறதே என்றாள்.

பரீட்சை அன்று எங்களுக்குக் கீழ்த்தளத்தில் ஒரு லேப் அறை. நாங்கள் இரண்டு பேர், கண்காணிக்க ஒரு மேடம். வேறு கல்லூரியிலிருந்து வந்தவர். கன்னடம் தவிர வேறு பாஷை அவருக்குத் தெரியாது என்பது பின்னால்தான் புரிந்தது. மூன்று மணி நேரத்தோடு அக்காவுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு. நான் கேள்வித்தாளை வாசித்தேன். அக்கா கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். சிந்து சமவெளிக் கேள்வி வந்திருந்தது. பத்து மார்க். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஒன்றரை மணி நேரம் எல்லாம் நன்றாகப் போனது. அக்கா சொல்வாள், நான் எழுதுவேன். பிறகு அந்தப் பத்து மார்க் கேள்விக்கு வந்தோம். தெரு சொன்னாள். வீடு சொன்னாள். சாக்கடை சொன்னாள். நானும் மூச்சு விடாமல் எழுதினேன். குளம் சொன்னாள். அதோடு நின்றுவிட்டாள்.

நான் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அக்காவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"இன்னொண்ணு இருக்குடீ," என்றாள். "நாக்கு நுனியில நிக்குது, வர மாட்டேங்குது."

"அவசரமே இல்லக்கா, மெதுவா யோசி," என்றேன் நான்.

இரண்டு பேரும் பேசியது தமிழ். எங்களுக்கு அது தெரியவே இல்லை. வீட்டில் மூன்று வாரமும் பாடம் கன்னடத்தில், பேச்சு தமிழில் என்று மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று ஆரம்பிக்கிறது என்று பெங்களூரில் எங்களைப் போன்றவர்கள் பார்ப்பதில்லை. மேடம் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, "கன்னடதல்லி மாத்தாடி," என்று கன்னடத்தில் பேசச் சொல்லி எச்சரித்தார். நாங்கள் தலையாட்டினோம்.

நாலு வரி இடம் விடு, பிறகு வருகிறேன் என்று அக்கா கன்னடத்தில் சொல்லி அடுத்த கேள்விக்குப் போனாள். ஆனால் அவள் முகம் வாடிவிட்டது. அடுத்த விடையிலும் தடுமாறினாள். களஞ்சியம், களஞ்சியம் என்று என் மண்டைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு சொல். மூன்று வாரத்தில் என்னிடமே இருபது தடவை சொன்ன சொல். அவளுக்குத் தெரிந்ததுதானே? அவளுடையதுதானே? மார்ச்சில் எவளோ ஒருத்தி அவ்வளவு தின்றுவிட்டாள், இப்போது நான் ஒரு வரி திருப்பிக் கொடுத்தால் என்ன பாவம்? அக்கா யோசித்துக்கொண்டிருந்த ஒரு இடைவெளியில், மேடம் ஜன்னல் பக்கம் பார்த்த நேரத்தில், பக்கத்தைத் திருப்பி அந்த இடத்தில் எழுதிவிட்டேன். களஞ்சியம் பற்றி இரண்டு வரி. அவசரத்தில் எழுத்து கொஞ்சம் சிறுத்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா நகர அமைப்பு விடையைத் திருப்பி வாசி, ஞாபகம் வருகிறதா பார்க்கிறேன் என்றாள். நான் வாசித்தேன். தெரு, வீடு, சாக்கடை, குளம். அதோடு நிறுத்திவிட்டேன். ஐந்தாவதை வாசித்தால் அவளுக்குத் தெரிந்துவிடும், அதைக் கோடு போட்டு அடிக்கச் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். மார்ச்சில் அந்தப் பெண் செய்ததும் இதுதான், காகிதத்தில் ஒன்று, காதுக்கு ஒன்று. அந்த நிமிஷத்தில் அது எனக்கு உறைக்கவில்லை. நான் நல்லது அல்லவா செய்கிறேன்!

"சரி, வரலேன்னா போகட்டும். விடு," என்றாள் அக்கா. மறுபடி தமிழ்.

"உனக்கு மத்ததே போதும்க்கா," என்றேன். நானும் தமிழ்.

மேடம் எழுந்துவிட்டார். கேள்வித்தாள், விடைத்தாள் இரண்டையும் என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். ஒரு முறை சொன்ன பிறகும் தமிழில் பேசுகிறீர்கள், எனக்குப் புரியாத பாஷையில் என்ன விடை கைமாறுகிறது என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது என்றார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னும் பெரிதாகக் கத்தியிருப்பேன். வெளியே போய்த் தேர்வு மையத்தின் தலைமைக் கண்காணிப்பாளரைக் கூட்டி வந்தார். வெள்ளைச் சட்டை போட்ட வயதான சார். எந்த விடையின்போது பேசினார்கள் என்று கேட்டார். மேடம் நேராக அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

சார் நின்றபடியே அதைப் படித்தார். பிறகு என்னைக் கதவருகே போய் வெளியே பார்த்து நிற்கச் சொன்னார். அக்காவிடம், பயப்படாதே அம்மா, இந்த விடையை இப்போது என்னிடம் ஒரு தடவை சொல், இவள் எழுதியதோடு சரியாக இருந்தால் தொடர்ந்து எழுதலாம், இல்லையென்றால் நான் மேலிடத்துக்கு எழுதித்தான் ஆக வேண்டும் என்றார்.

தாளில் ஐந்து இருக்கிறது. அவளுக்குத் தெரிந்து நாலு. என் நல்ல மனசு அவளை முறைகேட்டுக் கேஸில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. பி.ஏ. போச்சு, டீச்சர் வேலை போச்சு. ஏழு மார்க்கில் போனதாவது மறுபடி எழுதலாம் என்று இருந்தது. திரும்பி, சார் நான்தான் எழுதினேன் என்று சொல்ல வேண்டும். சொன்னாலும் ரத்து, சொல்லாவிட்டாலும் ரத்து. ஊரையே இழுத்துப் பேசுகிற என் வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கதவருகே நின்ற என்னை நினைத்தால் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அக்கா சொல்ல ஆரம்பித்தாள். தெருவிலிருந்து. ஒரு சொல் மாறவில்லை. சார் தாளில் விரல் வைத்துத் தொடர்ந்துகொண்டிருப்பது சத்தத்தில் தெரிந்தது. வீடு. சாக்கடை. குளம். எந்த 'மத்து'வும் விட்டுப் போகவில்லை. பிறகு நிறுத்தினாள்.

இன்னும் இருக்கிறதா என்று சார் கேட்டார்.

மைதானத்தில் யாரோ சைக்கிளை ஸ்டாண்ட் போட்டார்கள். எவ்வளவு நேரம் ஆனது என்று என்னால் சொல்ல முடியாது. நான் திரும்பிவிட்டேன். உண்மையைச் சொல்லத்தான் திரும்பினேன் என்று நம்ப ஆசைப்படுகிறேன். அப்போது அக்கா, இருக்கிறது சார், தானியக் களஞ்சியம் என்றாள்.

சார் தாளைப் பார்த்தார், தலையாட்டினார். "சரி இதெ," சரியாக இருக்கிறது என்று கன்னடத்தில் சொல்லி மேடத்திடம் தாளைக் கொடுத்தார். இந்த நேரத்தை அவர்களுக்குக் கூடுதலாகக் கொடுத்துவிடுங்கள் என்றார். எங்களிடம் இனி கன்னடம் மட்டும் என்று விரலை ஆட்டிவிட்டுப் போனார். நான் வந்து உட்கார்ந்தேன். பிழைத்தோம் சாமி என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பேனாவைத் திறந்து அடுத்த கேள்வி நம்பரைச் சொன்னேன்.

அக்கா அடுத்த கேள்விக்குப் போகவில்லை. நகர அமைப்பு விடையை வாசி என்று கன்னடத்தில் சொன்னாள். மறுபடியா என்றேன். வாசி என்றாள்.

நாலையும் வாசித்தேன். அவள் காத்திருந்தாள். என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரியே அவள் முகம் இருந்தது. தாளில் நாலுதான் இருந்திருந்தால் சார் இன்னும் இருக்கிறதா என்று ஏன் கேட்டார், ஐந்தாவதைச் சொன்னதும் சரி என்று ஏன் தலையாட்டினார்? அவள் அதையெல்லாம் கணக்குப் போட்டு முடித்துவிட்டாள் என்று எனக்கு விளங்கியது. மெல்ல ஐந்தாவதையும் வாசித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கடைசி பாயிண்டை அடி என்றாள்.

அடித்தேன். ஒரே கோடு, நடுவில். பிறகு அக்கா சொல்ல ஆரம்பித்தாள். சுற்றியிருந்த கிராமங்களிலிருந்து வரியாக வந்த தானியத்தை அங்கே சேர்த்து வைத்தார்கள். வெள்ளம் எட்டாதபடி உயரமான மேடை கட்டி அதன்மேல் அமைத்தார்கள். ஈரம் சேராமல் இருக்கக் காற்றுப் போக வழி விட்டார்கள். விளைச்சல் இல்லாத காலத்தில் நகரத்து ஜனங்கள் அதை நம்பித்தான் இருந்திருக்க வேண்டும். நான் எழுதியது இரண்டு வரி. அவளுடையதற்கு விட்ட இடம் போதவில்லை, அம்புக்குறி போட்டு ஓரத்தில் எழுதினேன். அடித்துவிட்டு அதையே ஏன் திரும்ப எழுதுகிறீர்கள் என்று மேடம் எட்டிப் பார்த்துக் கேட்டார். முதலில் எழுதியது சரியாக வரவில்லை மேடம் என்றாள் அக்கா. மேடம் படித்துப் பார்த்துவிட்டு, இது நன்றாக இருக்கிறது என்றார்.

மீதிப் பரீட்சை முழுக்க நான் கேள்வியையும் விடையையும் தவிர ஒரு சொல் பேசவில்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். வழக்கமாக என் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு நடப்பவள், அன்று கோலைத் தட்டிக்கொண்டு தனியாக நடந்து வந்தாள். உனக்கு நல்லதுக்குத்தானே அக்கா பண்ணினேன் என்றேன். அவள் கோலைத் தரையில் ஊன்றி என் பக்கம் திரும்பினாள்.

"மார்ச்ல அவ கம்மியா எழுதினா. நீ ஜாஸ்தியா எழுதின. ரெண்டும் ஒண்ணுதான்."

"தெரியுதுக்கா."

"அவ எழுதினதுக்கு நான் ஃபெயில். நீ எழுதினதுக்கு நான் பாஸ் ஆகியிருந்தா, அப்ப மட்டும் அது என் பேப்பரா?"

சிக்னலில் எங்கள் பஸ் நின்றுகொண்டிருந்தது. நான் நம்பரைச் சொன்னேன். அவள் கோலை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏறி உட்கார்ந்த பிறகு, களஞ்சியம் எப்படி ஞாபகம் வந்தது என்று கேட்டேன். தெரியலடீ, அந்த சார் கேட்டப்ப இனி போறதுக்கு ஒண்ணுமில்லன்னு பயம் போயிடுச்சு, பயம் போனதும் அது தானா வந்து நின்னுச்சு என்றாள். பிறகு தூங்கிவிட்டாள். பொம்மனஹள்ளி வரும்வரை அவள் தலை என் தோளில் இடித்துக்கொண்டே வந்தது.

ரிசல்ட் வந்த நாள் நான் கல்லூரியில் இருந்தேன். செகண்ட் பி.யூ.சி. வகுப்பு ஆரம்பித்துவிட்டது. மதிய இடைவேளையில் போன் வந்தது. அக்கா பேசுவதற்கு முன்னாலேயே பின்னால் அவள் அம்மா அழுகிற சத்தமும், அண்ணன்காரர் யாருக்கோ போனில் வேலை வேண்டாம் என்று சொல்கிற சத்தமும் கேட்டன. டிஃபன் பாக்ஸை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தேன். சொல்லித் தொலைக்கா என்று கத்தினேன்.

"அறுபத்தெட்டு," என்றாள். மூச்சு வாங்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "அறுபத்தெட்டுடீ. இதுல ஒரு மார்க்குகூட உன்னது இல்ல, தெரியுமா?"

"ஒண்ணுகூட இல்லக்கா," என்றேன்.